ஐஸ் ஹவுஸ் சித்தியும் எங்கள் டீச்சர் பாட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெரினாவுக்கு வாக்கிங் போகும் நம் குடியிருப்பு நண்பர்கள் அனைவருக்கும் விவேகானந்தர் இல்லம் தெரியும். வட்டமாக, அடுக்கடுக்காக, கேக் மாதிரி நிற்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "இங்கே அந்தக் காலத்தில் ஐஸ் வைத்திருந்தார்கள்" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லாத தாத்தா நம் மூன்று பிளாக்குகளிலும் இருக்க மாட்டார். அது உண்மைதான். ஃபிரெடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி, மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து சேமித்து வைக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக மாற்றினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே 9 நாள் தங்கினார். 1963-இல் அவர் பெயரையே கட்டடத்துக்கு வைத்தார்கள்.

ஐஸுக்கும் இன்றைய பெயருக்கும் நடுவில் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் ஆசிரியர் குழுவிடம் இந்த இதழில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கினேன். சிறு வயதில் கணவனை இழந்த பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். என் அம்மாவின் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு 'டீச்சர் பாட்டி' என்றுதான் பெயர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த இல்லத்தை நடத்திய இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவரைச் சென்னைக்காரர்கள் ஓரளவுக்காவது அறிவார்கள். மற்றவரை அநேகமாக யாரும் அறிய மாட்டார்கள்.

தெரிந்தவர் சிஸ்டர் சுப்புலட்சுமி. 1886 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர், பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா. அப்பா சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். அம்மா பெயர் விசாலாட்சி. வீட்டுக்கு மூத்த பெண். அந்நாளைய வழக்கப்படி பத்துப் பதினோரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே அந்தப் பையன் இறந்துபோனான். கல்யாணம் என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்பே கைம்பெண் ஆகிவிட்டாள் குழந்தை.

இதற்கு அப்புறம் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும். பருவம் வந்ததும் தலையை மழிப்பார்கள், ஒரு நார்மடியைக் கொடுப்பார்கள், அடுக்களை மூலையில் உட்கார வைப்பார்கள். நல்ல காரியங்களில் முன்னால் வரக் கூடாது. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். 1856-லேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமுந்திரியில் 1881-இல் முதல் மறுமணத்தை நடத்தியும் காட்டினார். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது, அக்கிரகாரம் அதன் பாட்டுக்கு இருந்தது.

சுப்பிரமணிய ஐயர் மகளின் தலையில் கைவைக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பெண் ஏற்கெனவே கெட்டிக்காரி: 9 வயதில் நாலாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தவள். பிரசன்டேஷன் கான்வென்ட்டில் படித்து, பிறகு மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-இல் முதல் வகுப்பில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். குடும்பத்துக்கு வந்த வசவுகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நம் அசோசியேஷன் கூட்டத்தில் பார்க்கிங் விஷயத்துக்கே எத்தனை பேச்சு வருகிறது!

இனி அந்த இரண்டாமவர். விசாலாட்சி அம்மாளின் தங்கை, சுப்புலட்சுமிக்குச் சித்தி. அவரும் கைம்பெண், குழந்தை கிடையாது. அக்கா வீட்டோடு வந்து தங்கிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லாப் பெரிய குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். சித்தி என்றாலோ அத்தை என்றாலோ அவர்தான். சமையல், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாண போட்டோவில் மட்டும் இருக்க மாட்டார்.

சுப்புலட்சுமி சென்னையில் தங்கிப் படித்தபோது துணைக்கு இருந்தவர் இந்தச் சித்திதான். பிறகு இல்லம் ஆரம்பித்தபோதும் அதன் உள்வீட்டுப் பொறுப்பு அவரிடமே வந்தது.

இல்லம் தொடங்கியது 1912-இல். அதே ஆண்டு 'சாரதா லேடீஸ் யூனியன்' என்ற பெண்கள் சங்கத்தையும் சுப்புலட்சுமி ஆரம்பித்தார். எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய இளம் விதவைப் பெண்களோடு இல்லம் நடந்தது. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அம்மையார் பக்கபலமாக நின்றார். அரசாங்கத்துக்கும் இதில் ஒரு தேவை இருந்தது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கப் பெண் ஆசிரியைகள் வேண்டும். ஆண் வாத்தியார் என்றால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான பெண்கள் வேலைக்கு வர மாட்டார்கள். வீட்டு மூலையில் வெறுமனே உட்கார வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான இளம் விதவைகள்தான் ஆசிரியைகள் ஆகக்கூடியவர்கள். ஊர் எவளை வேண்டாதவள் என்றதோ அவளே ஊருக்கு வேண்டியவளாக ஆகிற கணக்கு இது. இதைச் சிந்தித்துக் கண்டுபிடித்ததுதான் சுப்புலட்சுமியின் சாமர்த்தியம் என்பது என் எண்ணம். இரக்கப்பட்டவர்கள் அப்போதும் நிறையப் பேர் இருந்தார்கள், இந்த மாதிரி வழி சொன்னவர்கள் குறைவு.

ஆனால் பெண்ணைப் பெற்றவர்கள் அனுப்ப வேண்டுமே? இங்கே வடக்கே நடந்த ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் ஆரம்பித்தார். அவர் கிறிஸ்தவராக மாறியவர். இல்லத்துப் பெண்களும் மதம் மாறிவிடுவார்கள் என்ற பேச்சு கிளம்பி, 1893-இல் பல குடும்பங்கள் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. புனாவில் கார்வே 1896-இல் ஆரம்பித்த விதவைகள் இல்லமும் ஏச்சுப்பேச்சு வாங்காமல் வளரவில்லை. ஆகவே கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ இருந்த ஓர் அப்பா, தன் பதினொரு வயதுப் பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப யோசித்தால், அவர் பி.ஏ. பட்டத்தைப் பற்றியா விசாரித்திருப்பார்? யார் சமைக்கிறார்கள், மடி ஆசாரம் உண்டா, ராத்திரி பெண்களோடு யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார்.

அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில் சித்திதான். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அத்தையைப் போலவே இருந்த ஒரு பெரியவர் அங்கே பொறுப்பில் இருந்தார். பட்டம் பெற்றவர் அரசாங்கத்தோடு பேசினார். படிக்காதவர் ஊரோடு பேசினார், வாயைத் திறக்காமலேயே. வரலாற்றுப் புத்தகங்களில் முன்னவருக்குத்தான் அத்தியாயம் இருக்கும். பின்னவருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

இடம் போதாமல் இல்லம் திருவல்லிக்கேணிக்கு மாறி, கடைசியில் ஐஸ் ஹவுஸுக்கு வந்து சேர்ந்தது. 1917-இல் அரசு அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. யோசித்துப் பாருங்கள். ஜன்னல் வழியே கூட வெளியே பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்கள், நாலாபக்கமும் ஜன்னல் வைத்த கட்டடத்தில், எதிரே வங்காள விரிகுடா! அதே கடற்கரைச் சாலையில் 1914-இல் ராணி மேரி கல்லூரி திறந்திருந்தது. நடந்துபோகும் தூரம்தான். பள்ளிப் படிப்பை முடித்த பெண்களில் சிலர் அங்கே போனார்கள். 1922-இல் ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமிதான். எழுத்தறியாமல் வந்த ஒரு பெண், அந்த ஒரு தெருவை விட்டுப் போகாமலேயே, சம்பளம் வாங்கும் டீச்சராக வெளியே வரலாம் என்று ஆயிற்று.

'சிஸ்டர்' என்ற பட்டம் யாரும் மேடையில் கொடுத்தது அல்ல. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவர், அவர்களைப் போலவே சொந்த வாழ்க்கை என்று ஒன்று இல்லாமல் வேலை செய்தார், ஆனால் கடைசி வரை இந்துவாகவே இருந்தார். பெயரோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் 1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது, சுதந்திர இந்தியா 1958-இல் பத்மஸ்ரீ கொடுத்தது.

குறை சொல்லாமல் எழுதினால் அது வரலாறு ஆகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது. மற்ற சமூகத்துப் பெண்களுக்கு அங்கே இடம் இல்லை. மறுமணம் செய்துவைப்பதை இல்லம் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. சுப்புலட்சுமி பிறந்த அதே 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930-ஐ ஒட்டி, தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் படிக்க ஆசைப்பட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்துச் சாதி விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. அதனால்தான் அவர் தன் வீட்டிலேயே ஔவை இல்லத்தை ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரிகிறது. வைதீகக் குடும்பங்களின் நம்பிக்கையைக் காப்பாற்றினால்தான் பெண்கள் வருவார்கள், அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதென்றால் மற்றவர்களுக்குக் கதவை மூட வேண்டும். அந்தப் பேரத்தில் சுப்புலட்சுமிக்குக் கிடைத்தது பெரிது. விட்டுக்கொடுத்ததும் சிறியதில்லை.

ஆனால் குழந்தைக் கல்யாணம் என்ற மூலநோயை அவர் மறக்கவில்லை. சம்மத வயதை விசாரித்த ஜோஷி கமிட்டியின் முன்னால் போய்ச் சாட்சியம் சொன்னார். 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்த சார்தா சட்டம் பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வயதை நிர்ணயித்தது. விதவை இல்லம் நடத்துகிறவரே விதவைகள் உருவாகாமல் இருக்க வழி தேடினார்.

இனி எங்கள் டீச்சர் பாட்டி.

பாட்டிக்கு ஒன்பது வயதில் கல்யாணம், பத்தில் முடிந்துபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து அவருடைய அப்பா, உறவுக்காரர்களிடம் காசி யாத்திரை போகிறேன் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரயிலில் கூட்டிக்கொண்டுவந்து ஐஸ் ஹவுஸில் விட்டுப் போனாராம். விஷயம் தெரிந்ததும் ஊரில் ஆறு மாதம் அவர் வீட்டுக்குப் புரோகிதர் வரவில்லை. என் பாட்டி, அதாவது அவருடைய தங்கை, இதைச் சொல்லும்போதெல்லாம், "எங்கப்பா பயந்த மனுஷர்தான், ஆனா அந்த ஒரு தடவை பயப்படலை" என்பார்.

இல்லத்து நாட்களைப் பற்றி டீச்சர் பாட்டி அதிகம் பேசியதில்லை. முதல் ராத்திரி அலைச் சத்தத்தில் தூக்கம் வராமல், ஊரில் பெருமழை கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாராம். இன்னொன்றை மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு வருஷமாக யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ, இங்கே வா" என்பதுதான் பெயர். இல்லத்தில் வருகைப் பதிவுக்குக் கூப்பிட்டபோது, அது தன் பெயர்தான் என்று தெரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனதாம்.

படித்துப் பயிற்சி முடித்து, தென்னாற்காடு, திருச்சி, மதுரை என்று மாற்றலில் போய்ப் பெண்கள் பள்ளிகளில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். சம்பளத்தில் தம்பியின் படிப்பு, தங்கையின் பிரசவங்கள், தம்பி பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் நடந்தன. என் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது அவர் வீட்டில் தங்கித்தான். அம்மாவுக்குப் பதினாறு வயதில் ஒரு வரன் வந்தபோது, குடும்பமே சரி என்று தலையாட்டியது. டீச்சர் பாட்டி மணியார்டர் ஃபாரத்தின் ஓரத்தில், "பரீட்சை முடியட்டும்" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினார். பணம் அனுப்புகிறவர் எழுதிய இரண்டு வார்த்தை! கல்யாணம் நின்றது, படிப்பு நடந்தது.

இவரைக் குடும்பத்தில் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் சுமங்கலிப் பிரார்த்தனை அன்று அவர் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவார். யாரும் போகச் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. அந்த ஃபீஸில் படித்த என் மாமாக்கள் கூட. எனக்கு இன்றும் நெருடுவது இதுதான். ரிட்டயர் ஆன பிறகு மயிலாப்பூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினார், தெருப் பெண்களுக்குக் காசு வாங்காமல் கணக்கு சொல்லிக்கொடுத்தார். 1980-களில், எண்பது வயதை நெருங்கும்போது காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் நாலு புடவை, போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், மாணவிகள் போட்ட கடிதங்கள் ஒரு கட்டு. பாஸ்புக்கில் இருந்த பணத்துக்கு நாமினி, வீட்டு வேலைக்கு வந்த அம்மாளின் மகள்.

சிஸ்டர் சுப்புலட்சுமியும் ரிட்டயர் ஆகி உட்கார்ந்தவர் அல்ல. சாரதா வித்யாலயாவை 1938-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார்கள். தி.நகரில் இன்றும் நடக்கும் பள்ளி அது. படிப்பை விட்ட பெரிய பெண்களுக்காக 1942-இல் மயிலாப்பூரில் வித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். 1954-இல், தாம்பரம் பக்கத்து மாடம்பாக்கத்தில், இப்போது அடுக்குமாடிகள் முளைத்திருக்கும் அதே மாடம்பாக்கத்தில்தான், கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல மையம் ஆரம்பித்தார். 1956-இல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலமாக வித்யா மந்திர் பள்ளி. நம் பி பிளாக்கில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். காலை பிரேயரில் நின்ற நாட்களில் இந்தக் கதை அவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை.

அவருடைய வாழ்க்கையை விரிவாக எழுதியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்பது வேடிக்கை. மோனிகா ஃபெல்டன், இங்கிலாந்தில் ஸ்டீவனேஜ் என்ற புதிய நகரத்தைக் கட்டும் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர். 1951-இல் வட கொரியாவுக்குப் போய்வந்து கொரியப் போரை எதிர்த்துப் பேசியதால் பெரிய சர்ச்சையில் மாட்டிப் பதவியை இழந்தார். பிறகு சென்னைக்கு வந்து குடியேறி, ராஜாஜியைப் பற்றி ஒரு புத்தகமும், சுப்புலட்சுமியைப் பற்றி 1966-இல் 'எ சைல்ட் விடோஸ் ஸ்டோரி' என்ற புத்தகமும் எழுதினார். சித்தியைப் பற்றி நமக்கு இன்று தெரிவதில் பெரும்பகுதி அதிலிருந்துதான். நல்லவேளை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தார். 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று சிஸ்டர் காலமானார்.

அடுத்த மாதம் மெரினா வாக்கிங் போகும்போது மாநிலக் கல்லூரி வாசலில் ஆரம்பித்து, லேடி வெலிங்டன், ஐஸ் ஹவுஸ் வழியாக ராணி மேரி வரை ஒருமுறை நடந்துபாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் 140 வீடுகளில் எத்தனை வீட்டில் ஒரு டீச்சர் பாட்டியோ, நர்ஸ் அத்தையோ, பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு சித்தியோ இருந்தார்கள் என்று தெரியவில்லை. அவர்களுடைய பழைய போட்டோ, பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ், கடிதம், எது இருந்தாலும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் அசோசியேஷன் ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அசலை உடனே திருப்பித் தந்துவிடுவோம். போட்டோவின் பின்பக்கம் அவர்களுடைய முழுப் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் உதவியாக இருக்கும். 'பாட்டி' என்று மட்டும் எழுத வேண்டாம்.